கொம்பு ஊதியவன் நான்

பண்டாரவளையில் மூன்று மாடிக் கடைகள் நான்கு. அப்புத்தளையில், மண் நிற்கவே நிற்காது என்று படித்த எஞ்ஜினியர்மார் கைவிட்ட சரிவில் ஒரு தாங்குசுவர். எத்தனையோ மழைக்காலம் பார்த்துவிட்டது, மயிரிழை வெடிப்பு இல்லை. பெரகலைச் சந்தியில் மழை வந்தால் எல்லோரும் ஓடி ஒதுங்குகிற சீமெந்துக் கூரை. மடுல்சீமைப் பாதையில் ஒன்பது மதகு. இரண்டு கோவில், ஒரு பள்ளிவாசலின் மதில், ஒரு தேவாலயத்தின் படிக்கட்டு. இவ்வளவும் கட்டியவன் நான். மூன்றாம் வகுப்போடு சிலேட்டைக் கீழே வைத்தவன். கையெழுத்துப் போடப் பழகியதே கல்யாணத்துக்குப் பிறகுதான். அதற்கு முன்னால் பெருவிரல். அந்தப் பெருவிரலை நம்பி சீமெந்து கடனாகக் கொடுத்தார்கள் என்றால் என் வேலை எப்படி இருந்திருக்கும் என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.

தோட்டத்து லயத்து வரிசை வீட்டில் பிறந்து, பீலித் தண்ணீரில் குளித்து, இப்போது முழங்காலுக்குத் தைலம் தேய்த்துக்கொண்டிருக்கிற என் வயதுக்காரர்களே, உங்களுக்குத்தான் இதை எழுதுகிறேன். எழுத்துப்பிழையை மகள் திருத்தினாள். மற்றதெல்லாம் என்னுடையது.

கடைசியாகக் கட்டியது பதுளையில், சந்தைக்கு முன்னால் இருக்கிற சதுக்கத்தில், ஒரு சிலைக்குப் பீடம். கூலி வாங்கவில்லை. கொங்கிரீட் போட்ட பிறகு ஈரச் சாக்குப் போர்த்தி, காலையும் மாலையும் நானே போய்த் தண்ணீர் ஊற்றினேன். பீடத்தின் முகப்பில் 'உபயம்' என்று என் பெயரைக் கல்லில் வெட்டிப் பதித்தார்கள். நான்தான் கேட்டேன். கேட்பதில் என்ன வெட்கம்? கட்டடம் கட்டுகிறவன் பெயரை எந்தக் கட்டடத்திலும் போடுவதில்லை.

அது, மதத்துக்காகத் தோட்டத்தை விட்டு விரட்டப்பட்ட ஏழு குடும்பங்களின் நினைவுச் சிலை. மடுல்சீமைப் பக்கத்திலிருந்து பசறை வழியாக நடந்தே வந்து, அந்தச் சதுக்கத்தில் ஒரு முஸ்லிம் முதலாளியின் கிட்டங்கி வாசலில் மழைக்காலம் முழுக்கக் கிடந்தவர்கள். அவர்களுடைய பேரப்பிள்ளைகள் சேர்ந்து ஒரு குழு அமைத்து இப்போது சிலை வைத்திருக்கிறார்கள்.

அந்த ஏழு குடும்பமும் எங்கள் லயத்துக் குடும்பங்கள். அவர்களைக் காப்பாற்றியவன் நான். ஒன்பது வயதில் காப்பாற்றினேன். பெண்டாட்டியிடம்கூடச் சொல்லாமல் அறுபது வருடமாக அந்தப் பெருமையை நெஞ்சுக்குள் வைத்திருந்தேன். திறப்பு விழா அன்று மேடையில் ஏறிச் சொல்லிவிட வேண்டும் என்று வேட்டிக்கு இரண்டு தடவை இஸ்திரி போட வைத்தேன்.

தார்ப்பாயை இழுத்தார்கள். வெண்கலத்தில் ஒரு வரிசை ஆட்கள். முன்னால் நொண்டி நொண்டி ஒரு வயசாளி. தலையில் மூட்டையோடு ஒரு பெண்பிள்ளை. கடைசியில் ஒரு தாய், பின்பக்கம் கையை நீட்டிக்கொண்டு. அந்தக் கையின் விரல்கள் எதையோ பிடித்திருப்பதுபோல் வளைந்திருக்கின்றன. ஆனால் பிடிக்க ஒன்றும் இல்லை. வெண்கலம் பற்றாமல் போய்விட்டது போல என்று நினைத்தேன். எனக்குத் தோன்றுவது அப்படித்தான்.

பீடம் கட்டும்போதே குழுக்காரர்கள் இரண்டு கேட்டிருந்தார்கள். பெரியது ஒன்று, நாலடி தள்ளிச் சின்னதாக ஒன்று. சின்னதில் இன்னொரு ஆள் வருவார் என்றார்கள். அதற்கும் நல்ல கம்பி போட்டு, கூடுதலாகவே சீமெந்து சேர்த்துக் கட்டினேன். அந்தச் சின்னப் பீடத்தில் ஒரு மனிதன். தலையில் சாக்குக் கொங்காணி. கன்னம் இரண்டும் உப்பியிருக்க, வளைந்த கொம்பை வாயில் வைத்து, முன்னால் போகிறவர்களின் முதுகைப் பார்த்து ஊதுகிறான். கொம்பைத் தாங்கிய இடது கையில் இரண்டு விரல் இல்லை.

பக்கத்தில் நின்ற குழுச் செயலாளரின் தோளைப் பிடித்தேன்.

"யாரு தம்பி அது?"

"வெரட்டுனவங்களுக்கு அடையாளமா ஒரு ஆளுங்க ஐயா. கொம்பு ஊதித்தான் அன்னிக்கு ஆள் சேத்தாங்களாம்."

"வெரல் ரெண்டு ஏன் இல்ல?"

"அங்கருந்து தப்பிச்சு வந்த அம்மா ஒருத்தங்க கண்ணால பாத்தது. இருக்கிறபடியே செய்யணும்னு சொல்லிட்டாங்க."

அது எங்கள் அப்பா. அந்த இரண்டு விரலும் தேயிலை ஸ்டோரில் கொழுந்து அரைக்கிற ரோலரில் போனவை. அதற்குப் பிறகுதான் தோட்டத்தில் அவருக்குக் கொம்பு கொடுத்தார்கள். விடியும்போது ஒரு ஊது, ஆட்கள் எழும்ப. வெளிச்சம் வந்ததும் மூன்று ஊது, பெரட்டுக்கு. பெரட்டுக் களத்தில் வரிசையாக நின்று பெயர் கொடுத்தால்தான் அன்றைய வேலை. மூன்று ஊது கேட்டும் வராதவனுக்குப் பெயர் வெட்டு. சோற்றில் கை வைத்தவன்கூடக் கையை உதறிக்கொண்டு ஓடுவான். மூளை யோசிக்கும் முன்னே கால் போய்விடும். நம் எல்லோருக்கும் அந்தக் கால் இன்னும் இருக்கிறது.

கொம்பு எங்கள் ஒற்றை அறைக் காம்பராவில் கதவுக்குப் பின்னால், முருகன் படத்துக்குக் கீழே ஆணியில் தொங்கும். பித்தளை. வாய் வைக்கிற இடம் புளிப்பாக, அப்பாவின் வெற்றிலை வாசத்தோடு இருக்கும். எப்படித் தெரியும் என்கிறீர்களா? அப்பா இல்லாத நேரத்தில் வாய் வைத்துப் பார்ப்பேன். பப்பாசித் தண்டில் ஊதிப் பழகியவன் நான். அந்த லயத்தில் வேறு எந்தப் பொடியனுக்கும் அந்த மூச்சு இல்லை.

பக்கத்துக் காம்பராவில் என் கூட்டாளி. என் வயது. இரண்டு காம்பராவுக்கும் நடுவில் இருந்த சுவரில், அடுப்பு மூலையில், ஒரு ஓட்டை. சிரட்டை நுழையும் அளவு. அதன் வழியாகத்தான் எங்கள் பேச்செல்லாம். அவன் கை சும்மா இராது. ஸ்டோரில் தேயிலைப் பெட்டிக்குள் ஒட்டுகிற ஈயத்தாளின் துண்டுகளைப் பொறுக்கி வந்து மடித்து மடித்து உருவம் செய்வான். மாடு, தேர், கூடை சுமந்த பொம்பளை. அவன் செய்த மாட்டுக்கு வாலைப் பார்த்தாலே ஈ ஓட்டுகிறது என்று தெரியும்.

அவன் வீடும் இன்னும் ஆறு வீடும் கிறிஸ்தவ ஜெபக்கார வீடுகள். எங்களுக்குள் அதற்கு முன்னால் சண்டை இல்லை. பொங்கலுக்கு இங்கிருந்து போகும், நத்தாருக்கு அங்கிருந்து பலகாரம் வரும். தேர்த் திருநாளில் வடத்தில் ஒவ்வொரு லயத்துக்கும் ஓர் இடம் உண்டு. அவர்கள் வடம் பிடிக்காமல் ஒதுங்கி நின்றாலும் யாரும் பெரிதாக எடுத்ததில்லை.

அந்த வருடம் மழை பிசகிப் பெய்தது. மேல் மலையில் மண் சரிந்து ஒரு லயத்தின் பாதியைக் கொண்டுபோனது. தேரின் அச்சும் முறிந்தது. கோடாங்கி உடுக்கையை அடித்து, வடத்தில் ஏழு வீட்டின் கை குறைகிறது, அதுதான் காரணம் என்று சொல்லிவிட்டான். கோவில் தலைவர் ஆட்களோடு ஜெப வீட்டு வாசலுக்குப் போனார். நானும் முன்னால் போய் நின்றேன். அங்கே ஜெபம் நடத்துகிற வயசாளி நொண்டிக்கொண்டு வெளியே வந்தார்.

"வடத்தத் தொட மாட்டோம் தலைவரே. வேற என்னா வேலைன்னாலும் சொல்லுங்க. தேரு போற பாத முழுக்கக் கூட்டிக் குடுக்குறோம். அச்சுக்கு மரம் தூக்கிட்டு வர்றோம்."

"ஒன் வெளக்கமாறு யாருக்கு வேணும்? கை வேணும், கை! வடம் புடி, இல்லாட்டித் திருநா அன்னிக்குக் காம்பராவ விட்டு எறங்கு."

அன்றிலிருந்து தண்ணீரும் நெருப்பும் இல்லை. தண்ணீர் விழுகிற பீலியில் அவர்கள் குடத்தை யாரும் வைக்க விடவில்லை. நெருப்புக்குச்சி அப்போது லேசில் கிடையாது. ஒரு வீட்டில் அடுப்பு அணைந்தால் பக்கத்து வீட்டில் தணல் வாங்குவதுதான் வழக்கம். அதையும் நிறுத்தினார்கள். கூட்டாளியின் அக்கா கீழ் ஓடைக்கு இறங்கித் தண்ணீர் சுமந்தாள். நெருப்பு என்னிடமிருந்து போனது. சிரட்டையில் சாம்பலைப் பரப்பி, அதன்மேல் இரண்டு தணல் வைத்து, ஓட்டை வழியாகத் தள்ளுவேன். அந்தப் பக்கத்தில் அவன் ஊதுகிற சத்தம் கேட்கும். பச்சை விறகின் புகை ஓட்டை வழியாகத் திரும்பி வந்து என் கண்ணைக் கரிக்கும். அப்பா ஒரு தடவை பார்த்துவிட்டார். அடுப்பில் இன்னும் ஒரு கட்டையைச் செருகிவிட்டுப் போனார்.

திருநாளுக்கு முந்தின நாள் பின்னேரம். ஓட்டையில் அவன் முகம்.

"டேய், நாளைக்கு எங்க வீட்ட ஒடைப்பாங்களாம். மெய்யாவா?"

"யாரு சொன்னா?"

"ஓடையில அக்காக்கிட்ட சொன்னாங்களாம். கவ்வாத்துக் கத்தியெல்லாம் தீட்டி வச்சிருக்காங்களாம்."

"ஒடைக்க மாட்டாங்க. நான் ஒரு வேல பண்ணப் போறேன்."

"என்னா வேல?"

"நாளைக்குப் பாத்துக்க."

"சொல்லுடா."

"சொன்னா என்னா வேடிக்க இருக்கு? நீ பாத்துக்கிட்டே இரு."

அவன் ஒரு ஈயத்தாள் பொம்மையை என் பக்கம் தள்ளினான். கொம்பு ஊதுகிற ஆள். "ஒங்கப்பா" என்றான். கன்னம் உப்பியிருந்தது.

திருநாள் காலை நல்ல பனிமூட்டம். திருநாள் என்றால் பெரட்டு இல்லை, கொம்புக்கும் லீவு. அப்பா தேரடிக்குப் போய்விட்டார். கோவில் பக்கத்திலிருந்து ஆட்கள் ஜெப வீடுகளை நோக்கி இறங்குவது சத்தத்தில் தெரிந்தது. சிலர் கையில் கத்தி, சிலர் கையில் தேர்ச் சக்கரத்துக்கு வைக்கிற கட்டை. நான் கொம்பை எடுத்துக்கொண்டு பெரட்டுக் களத்துக்கு ஓடினேன். களம், தோட்டத்தை விட்டு வெளியே போகிற பாலத்தின் பக்கத்தில் இருந்தது. பெயர் கூப்பிடுகிற கல்லின் மேல் ஏறி நின்று ஊதினேன். மூன்று ஊது. மலையே திருப்பிச் சொன்னது.

நான் நினைத்தபடியே நடந்தது. லீவு நாளில் பெரட்டுக் கொம்பு கேட்டால் என்ன அர்த்தம்? தொரை கூப்பிடுகிறார். கத்தி வைத்திருந்தவனும் கட்டை வைத்திருந்தவனும் பாதி வழியில் திரும்பி ஓடி வந்தார்கள். காப்புக் கட்டிய கையோடு, சந்தனம் பூசிய நெஞ்சோடு கோவில் தலைவர் வந்து வரிசையில் நின்றார். சாமி தேரில் தனியாக இருந்தது.

"திருநா அன்னிக்கு என்னாடா பெரட்டு?"

"எவனுக்குத் தெரியும்? மொதல்ல வரிசையில நில்லு, பேர வெட்டிறப் போறான்."

கணக்கப்பிள்ளை சட்டைப் பொத்தானை மாற்றிப் போட்டுக்கொண்டு புத்தகத்தோடு ஓடி வந்தார். எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. அப்போதுதான் அப்பா வந்தார். கல்லின் மேல் என்னைப் பார்த்தார். என் கையில் கொம்பைப் பார்த்தார். லயத்துப் பக்கம் திரும்பிப் பார்த்தார். எல்லாம் விளங்கிவிட்டது அவருக்கு. என்னை இழுத்துக் கீழே போட்டுவிட்டு, தானே கல்லில் ஏறி, எல்லோரும் பார்க்க மறுபடி மூன்று ஊது ஊதினார். இறங்கி வந்து என் காதருகே குனிந்தார்.

"ஊதுனது நான். நீ வாயத் தொறந்த, நாக்க அறுத்துப்புடுவேன்."

தொரை வந்து கேட்டபோது, "நாள் தெரியாம ஊதிட்டேங்க தொரை" என்று சாக்கைத் தலையிலிருந்து எடுத்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு நின்றார். சிலர் சிரித்தார்கள். கோவில் ஆட்கள் சிரிக்கவில்லை. அவர்கள் திரும்பிப் போனபோது ஏழு காம்பராவும் காலி.

நான் ஓட்டையில் எட்டிப் பார்த்தேன். யாருமில்லை. அடுப்பு எரிந்துகொண்டிருந்தது, என் தணலில் மூட்டிய அடுப்பு. சோறு அடிப்பிடித்துக் கருகி நாறியது. தப்பித்துவிட்டார்கள் என்று அந்த நாற்றத்தில் நின்று குதித்தேன். நடந்து போகிறவர்கள் சோற்றை இறக்கி வைத்துவிட்டுத்தானே போவார்கள் என்று அப்போது எனக்குத் தோன்றவில்லை. போன மாதம் வரைக்கும் தோன்றவில்லை.

அன்றைக்குத் தேரடியில் வைத்து அப்பாவை அடித்தார்கள். தோட்டத்திலும் பெயர் வெட்டியாயிற்று. கொம்பைப் பிடுங்கிக்கொண்டார்கள். பெரகலைக்கு வந்து அப்பா றோட்டுக்குக் கல் உடைத்தார். நான் கல் அடுக்கினேன். நான் கட்டியதெல்லாம் அந்தக் கல்லிலிருந்து தொடங்கியது. ஈயத்தாள் பொம்மை வரும் வழியில் எங்கோ விழுந்துவிட்டது. அப்பா சாகும்வரை கொம்பைப் பற்றிப் பேசவில்லை. ஏழு குடும்பமும் பதுளையில் இருக்கிறார்கள் என்று மட்டும் கேள்விப்பட்டோம். கூட்டாளி பெரிய ஆளாகி வெளிநாடு போயிருப்பான், என்னை மறந்திருப்பான் என்று நானாக நினைத்துக்கொண்டேன். அதில் எனக்குக் கொஞ்சம் கோபமும் உண்டு. தேடிப் போகவில்லை. வேலை, வேலை, வேலை.

சதுக்கத்தில் சிலைக்குப் பக்கத்தில் பிளாஸ்டிக் கதிரையில் ஒரு வயதான அம்மா இருந்தார். விரல் கதையைச் சொன்னவர் அவர்தான் என்றார்கள். கிட்டப் போனேன். கூட்டாளியின் அக்கா.

"பீடம் கட்டுன முதலாளியா? நல்லா இருக்கணும் நீங்க."

"நான் முதலாளி இல்ல அக்கா. கொம்புக்காரர் மகன்."

நெடுநேரம் பார்த்தார். "செவுத்து ஓட்டையா?"

"ஆமாக்கா. தம்பி எங்க இருக்கான்? வெளிநாட்டுலயா?"

"என்னா கேக்குற நீ? ஒனக்குத் தெரியாதா?"

வெண்கலத் தாயின் வெறும் கையைக் காட்டினார்.

"திருநா அன்னிக்கு ஏது பெரட்டு? எங்கள அடிக்கத்தான் ஆளக் கூப்புடுறாங்கன்னு ஜெபம் பண்ற அய்யா சொன்னாரு. ஒலையில சோறு கொதிக்குது, அப்புடியே விட்டுட்டு ஓடுனோம். பாலத்துப் பக்கம் ஊதுது. அங்கிட்டுப் போனா செத்தோம்னு கீழ ஓடையில எறங்குனோம். நல்ல வெள்ளம். அம்மா அவன் கையப் புடிச்சிருந்துச்சு. நடுக் கல்லுல நிக்கிறப்ப மறுபடியும் ஊதுச்சு. அவன் கைய உருவிக்கிட்டுத் திரும்பிப் பாத்தான். நானும் பாத்தேன். பனி வெலகிருச்சு, மேட்டுல ஒங்கப்பா ஊதிக்கிட்டு நிக்கிறாரு. அம்புட்டுத்தான். கல்லு காலியா இருந்துச்சு."

எனக்குச் சத்தம் எல்லாம் நின்றுவிட்டது. பஸ் ஹோர்ன், ஒலிபெருக்கி, எதுவும் இல்லை. அக்காவின் குரல் மட்டும் கேட்கிறது.

"இன்னொண்ணு சொல்றேன். திரும்பிப் பாத்தப்ப அவன் சிரிச்சான். எல்லாரும் அழுகுறோம், அவன் சிரிக்கிறான். எதுக்குச் சிரிச்சான்னு இன்னைக்கு வரைக்கும் எனக்கு வெளங்கல."

எனக்கு விளங்கியது. உலகத்தில் எனக்கு மட்டும்தான் விளங்கும்.

பாலம் அகலமான பாலம். நொண்டி வயசாளியும் நடந்து போகலாம். கூட்டத்தை எல்லாம் அந்தப் பாலத்தின் வாயில் கொண்டுவந்து நிறுத்தியவன் நான். முந்தின நாள் பின்னேரம், அந்த ஓட்டை வழியாக, 'நான்தான் ஊதுவேன், பயப்படாத, அடுப்ப அணைச்சிட்டு மெதுவாப் போங்க' என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். சொல்லாமல் செய்து காட்ட வேண்டும் என்ற பெருமை எனக்கு.

"அக்கா, மொதல்ல ஊதுனது நான். அவங்கள அங்கிட்டுத் திருப்பத்தான் ஊதுனேன். அப்பா என் கையிலருந்து வாங்கித் தன்மேல போட்டுக்கிட்டாரு. தம்பிக்கிட்ட பாத்துக்கன்னு மட்டும் சொல்லியிருந்தேன்."

அக்கா அழுவார், ஏசுவார், செருப்பைக் கழற்றுவார் என்று நின்றேன். வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு இருந்தார். பிறகு, "அப்ப அவனுக்குத் தெரிஞ்சிருக்கு" என்றார். என்னைப் பார்க்காமல், "ஒங்கப்பாவ நான் அறுவது வருசமா சபிச்சிக்கிட்டு இருக்கேன். போ, போயி அவங்கக்கிட்ட சொல்லு" என்றார்.

சொன்னேன். குழுக்காரர்கள் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். செயலாளர் என்னைத் தனியாகக் கூட்டிப் போனார்.

"ஐயா, இத வெளிய சொன்னா ஒங்க பேருதான் கெட்டுப் போகும். உபயம்னு அழகா இருக்கு. அப்படியே விட்டுருவோங்க."

நான் விட மாட்டேன். அதனால்தான் ஊர் அறிய இதை எழுதுகிறேன்.

குழுக்காரர்களே, சின்னப் பீடத்திலிருந்து எங்கள் அப்பாவை இறக்குங்கள். எத்தனை போல்ட்டு ஆணி, எந்த இடத்தில் என்று எனக்குத் தெரியும். நானே ஸ்பானரோடு வந்து கழற்றித் தருகிறேன். அவர் யாரையும் விரட்டவில்லை. அந்த இடத்தில் கொம்போடு ஒரு ஒன்பது வயதுப் பொடியனை வையுங்கள். முகத்தில் பெருமை இருக்கட்டும், இருந்தது. என் பெயர் வெட்டிய உபயக் கல்லைப் பெயர்த்தெடுத்துவிட்டு, நான் புதிதாகக் கொண்டுவருகிற கருங்கல்லில் இப்படி வெட்டுங்கள்: 'அன்று கொம்பு ஊதியவன் கொம்புக்காரரின் மகன். காப்பாற்ற ஊதினான். கூட்டாளியிடம் சொல்லாமல் ஊதினான்.' கீழே என் முழுப் பெயர், அப்பாவின் முதலெழுத்தோடு.

இத்தனை கட்டியிருக்கிறேன், வேறு ஒன்றிலும் என் பெயர் இல்லை. இதில் எனக்குச் சேர வேண்டியதை எனக்குக் கொடுங்கள். எழுத்தை ஆழமாக வெட்டுங்கள். பதுளை மழை எனக்குத் தெரியும்.